பச்சையப்பர் தர்மமும் இங்கிலீஷ் பள்ளிக்கூடமும்

ஆரணி என்றவுடன் நேயர்களுக்கு நினைவு வருவது பட்டுப் புடவையாகத்தான் இருக்கும். சரித்திரத்தில் பற்றுள்ள சிலருக்கு, 1751-ஆம் வருஷத்தில் ராபர்ட் கிளைவ் இந்த ஊருக்கருகே நடத்திய சண்டை நினைவு வரலாம். வேறு சிலருக்கு, மராட்டிய வம்சத்து ஜாகீர்தார்கள் இங்கே வாழ்ந்த வாழ்வு நினைவு வரலாம். ஆனால் பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் உபாத்தியாயராக இருந்து வரும் நமக்கு, ஆரணி என்றால் ஜூன் மாதத்து முதல் வாரந்தான் நினைவு வருகிறது. எந்தப் பையன் பள்ளிக்குத் திரும்பி வந்திருக்கிறான், எந்தப் பையன் தறிக்குப் போய்விட்டான் என்பது அந்த வாரத்தில்தான் தெரியவரும். ஆஜர்ப் பட்டியலில் ஒரு பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராமல் நிற்கும்போது உபாத்தியாயர் மனத்தில் உண்டாகும் வேதனையை உபாத்தியாயரே அறிவார்.

சென்ற வருஷம் அந்த வாரத்தில் நெசவாளர் ஒருவர் தம் பையனுடைய ஸர்டிபிகேட்டை வாங்கிப் போக வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரன். தமிழும் நன்றாக எழுதுவான். இங்கிலீஷில் மட்டும் சிறிது தடுமாற்றம்.

"ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"பெரியவனை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டேன், ஐயா. அந்தச் சம்பளத்துக்காக முதலாளியிடம் வாங்கின முன்பணம் இன்னும் தீரவில்லை. இவனாவது தறியில் உட்கார்ந்தால் கடன் அடையும். இவன் தமிழில் படித்துவிட்டு எங்கே போகப் போகிறான்? இங்கிலீஷ் படிப்பு என்பது வெள்ளைக்காரன் தன் உத்தியோகத்துக்காக வைத்தது. நம்மைப் போன்றவர்களுக்கென்றா வைத்தான்?" என்றார் அவர்.

அவருடைய மனைவிக்குப் பிறந்தகம் காஞ்சிபுரம் என்பது நமக்குத் தெரியும். ஆகவே, "காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதை யார் வைத்தது?" என்று கேட்டோம்.

"பெயரைப் பார்த்தால் நம்மவராகத்தான் தெரிகிறது. ஆனால் இங்கிலீஷ் பள்ளிக்கூடமாயிற்றே!" என்று அவர் தயங்கினார்.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். அதுவரையில் ஸர்டிபிகேட் இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி அவரை அனுப்பினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாம் சொன்ன வரலாற்றையே இங்கே நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

துபாஷியின் செல்வம்

பச்சையப்ப முதலியார் 1754-ஆம் வருஷத்தில் பெரியபாளையத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தகப்பனார் விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார். தாயார் பூச்சியம்மாள் கைம்பெண்ணாக நின்று குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிற்பாடு குடும்பம் சென்னைக்கு வந்து, பௌனி நாராயண பிள்ளை என்ற பெரிய மனிதரின் ஆதரவை அடைந்தது. பௌனி என்ற இங்கிலீஷ் வர்த்தகரிடம் துபாஷியாக இருந்தபடியால் நாராயண பிள்ளையின் பெயருக்கு முன்னால் அந்தத் துரையின் பெயரும் ஒட்டிக்கொண்டது.

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். அந்தக் காலத்தில் கம்பெனியாரும் வெள்ளைக்கார வியாபாரிகளும் நம் நாட்டில் ஒரு மூட்டைத் துணி வாங்குவதானாலும் துபாஷி இல்லாமல் முடியாது. நாராயண பிள்ளை அந்த வித்தையைப் பிள்ளை பச்சையப்பனுக்குக் கற்றுக் கொடுத்தார். பையன் வளர்ந்து தாமே துபாஷியானார். வியாபாரத்திலும், வரிவசூல் குத்தகையிலும், தஞ்சாவூர் அரசாங்கத்துடன் நடத்திய கொடுக்கல் வாங்கலிலும் பெரும்பொருள் திரட்டினார். குத்தகைக்காரரிடம் சேர்ந்த பணத்தில் குடியானவனுடைய வியர்வையும் கலந்திருக்கும் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சேர்த்த பொருளை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. சிதம்பரத்தில் கீழைக் கோபுரத் திருப்பணியில் அவர் ஈடுபட்டது பிரசித்தம்.

1794-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், நாற்பதாவது வயதில், தஞ்சைச் சீமையில் இருந்தபோது அவருக்குத் தேக அசௌக்கியம் கண்டது. முடிவு நெருங்கியதை உணர்ந்து மரண சாஸனம் எழுதினார். தம் சொத்தைத் தெய்வ கைங்கரியங்களுக்கும் தர்மங்களுக்கும் செலவிட வேண்டும் என்பது அதன் கருத்து. சில நாட்களில் உயிர் நீத்தார்.

சாஸனம் எழுதுவது சுலபம். அதன்படி நடக்கச் செய்வதுதான் கஷ்டம். உறவினரும் நிர்வாகிகளுமாக வழக்குகள் கிளம்பின. சொத்து கோர்ட்டுக்கும் கச்சேரிக்குமாக அலைந்தது. இப்படியே சுமார் அரை நூற்றாண்டு போயிற்று. ஆனால் இந்தத் தாமதத்தில் ஒரு விந்தையும் நிகழ்ந்தது. செலவாகாமல் கிடந்த பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டே வந்தது. சாஸனத்தில் கண்ட தெய்வ கைங்கரியங்கள் அனைத்தையும் நடத்தினாலும் லட்சக்கணக்கில் ரூபாய் மிஞ்சும் என்ற நிலைமை ஏற்பட்டது. மிஞ்சிய பணத்தை என்ன செய்வது?

எழுபதினாயிரம் கையெழுத்து

இந்தக் கேள்வி எழுந்த சமயத்தில் சென்னைப் பட்டணத்தில் வேறொரு கிளர்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. ஸர்க்கார் உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் இங்கிலீஷ் அவசியமாகிவிட்டது. ஆனால் அதைக் கற்பிக்கப் போதுமான பள்ளிக்கூடங்கள் இல்லை. 1837-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்ஸன் தொடங்கிய பள்ளி இருந்தது. பிற்காலத்தில் கிறிஸ்தவக் கலாசாலையாக வளர்ந்தது அதுதான். பாடம் நன்றாகவே நடந்தது. ஆயினும் பிள்ளை இங்கிலீஷ் கற்க வேண்டும், குலாசாரமும் கெடக்கூடாது என்று நினைத்த பெற்றோர் அங்கே அனுப்பப் பயந்தார்கள்.

1839-ஆம் வருஷத்தில் சென்னை ஜனங்கள் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவுக்கு ஒரு விண்ணப்பம் சமர்ப்பித்தார்கள். உயர்ந்த கல்விக்கு ஸர்க்கார் வழி செய்ய வேண்டுமென்று கோரிய அந்த விண்ணப்பத்தில் எழுபதினாயிரம் பேர் கையொப்பமிட்டிருந்ததாகக் கூறுவர். அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் இந்த முயற்சிக்கு முக்கிய துணையாக நின்றார். அதன் பயனாக 1841-இல் ஸர்க்கார் ஒரு ஹைஸ்கூலைத் திறந்தது. இன்று கடற்கரையில் விளங்கும் மாநிலக் கல்லூரியின் தொடக்கம் அதுவே.

அதே 1841-இல் ஆண்டர்ஸனுடைய பள்ளியில் படித்த இரண்டு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊரெங்கும் கொந்தளிப்பு. பெற்றோர்கள் கூட்டங் கூட்டமாகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். 'நம் பிள்ளைகளுக்கு நம் பணத்தில் நாமே ஒரு பள்ளி வைத்தால் என்ன?' என்ற எண்ணம் பலமாக எழுந்தது.

நம் பணம் என்றால் எந்தப் பணம்? பச்சையப்பர் பணம் தயாராக இருந்தது. தர்மத்தில் மிஞ்சியதைக் கல்விக்குச் செலவிடலாம் என்று கோர்ட்டார் வழி வகுத்தார்கள். அதே நார்ட்டன்தான் இதிலும் முன்னின்றார். சுதேசிகளான தர்மகர்த்தர்கள் நிர்வாகத்தை ஏற்றார்கள். சமூகச் சீர்திருத்தத்தில் முனைந்தவரான கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளை அவர்களில் முக்கியமானவர்.

1842-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி, சென்னை பிராட்வேயில் பச்சையப்பன் பள்ளி திறக்கப்பட்டது. ஏழை ஹிந்துப் பிள்ளைகளை உத்தேசித்து வைத்த பள்ளி அது. இங்கிலீஷுடன் தமிழும் தெலுங்கும் அங்கே கற்பித்தார்கள். அதற்கு ஆதாரம் ஸர்க்கார் பொக்கிஷமும் அல்ல. மிஷன் பணமும் அல்ல. தகப்பன் முகம் காணாமல் பெரியபாளையத்தில் பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை தேடி வைத்த பொருள்தான்.

"கேட்டீர்களா?" என்றோம் நெசவாளரிடம். "சென்னை ராஜதானியில் இங்கிலீஷ் பள்ளிகள் உண்டானபோது, முதல் வரிசையில் நின்ற ஒன்றை நம்மவர் தர்மம்தான் வைத்தது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே தறி நின்றது. பையனும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துகொண்டோம்.

மண்டபமும் கிளைகளும்

பள்ளி விரைவில் வளர்ந்தது. எஸ்பிளனேடில் அதற்கென்று ஒரு மண்டபம் கட்ட 1846-இல் நார்ட்டன் அஸ்திவாரக் கல் நாட்டினார். ஏதென்ஸ் நகரத்துத் தீஸியஸ் கோவிலைப் போல் பெரிய தூண்களை நிறுத்தி அதைக் கட்டினார்கள். 1850-இல் கவர்னர் ஸர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்து வைத்தார். ஹிந்து தர்மப் பணத்தில் நடக்கும் பள்ளிக்குக் கிரேக்கக் கோவில் மாதிரி கட்டடம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அந்தக் காலத்து நாகரிகம் அப்படி! ஆனால் பிற்காலத்தில் சென்னையின் பொது வாழ்வுக்கு அந்த மண்டபம் ஒரு பெரிய அரங்கமாயிற்று. சிகாகோவில் சுவாமி விவேகானந்தர் பெற்ற வெற்றியைப் பாராட்டி 1894-இல் சென்னைவாசிகள் கூட்டம் கூட்டியதும் அங்கேதான்.

1889-இல் அந்த ஸ்தாபனம் கலாசாலையாக உயர்ந்தது. 1940-இல் கலாசாலை சேத்துப்பட்டில் விசாலமான இடத்துக்குப் போயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பாகவே பச்சையப்பர் தர்மம் சென்னைக்கு வெளியேயும் சென்றது. காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் கிளைப் பள்ளிகள் ஏற்பட்டன. காஞ்சிபுரத்துப் பள்ளி 1846-ஆம் வருஷத்தைச் சேர்ந்தது.

பட்டு நெய்யும் ஊரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தது என்பது சாதாரண விஷயமல்ல. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். நெய்கிறவர் ஒரு பக்கம் நாடாவை ஓட்டினால், மறு பக்கத்துக் கரைக்கு நாடா போட இன்னொரு கை வேண்டும். வெகுகாலம் அந்த இன்னொரு கை வீட்டுப் பிள்ளையின் கையாகத்தான் இருந்தது. ஆகவே பிள்ளை பள்ளிக்குப் போனால், போன நேரமெல்லாம் தறி நிற்கும். பள்ளியில் சம்பளம் வாங்காவிட்டாலும் நெசவாளருக்குப் பிள்ளையைப் படிக்க வைப்பது செலவுதான். நம் ஊரில் கணக்கு இன்றும் ஏறக்குறைய இதுவேயாகும்.

திறக்காத கதவு

இதுவரையில் சொன்னதைக் கேட்டு, பச்சையப்பர் பள்ளி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பெருமையைச் சொல்லும்போது குறையையும் சொல்வதுதான் உபாத்தியாயருக்கு அழகு. ஏழை ஹிந்துப் பிள்ளைகளுக்கு என்று சொன்னார்களே, ஆதி திராவிடப் பிள்ளை ஏழையல்லவா? ஹிந்து அல்லவா? அவனுக்கு அந்தக் கதவு வெகுகாலம் திறக்கவில்லை. 1920-ஆம் வருஷங்களின் இறுதியில்தான், நீண்ட வாதங்களுக்குப் பிறகு, தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு இடம் கிடைத்தது. ஹிந்துக்கள் அல்லாதவர்கள் 1947 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்தில்தான் இந்தத் தர்மத்துக்கும் பூரண விடுதலை கிடைத்தது என்று சொல்லலாம்.

இந்த விஷயத்தில் மிஷன் பள்ளிகள் முந்திக்கொண்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வட ஆற்காட்டுச் சீமையில் 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் அமெரிக்கன் ஆற்காட்டு மிஷனை ஏற்படுத்தினார்கள். அவர்கள் பணி செய்த ஊர்களில் ஆரணியும் ஒன்று. வேலூரில் அந்த மிஷன் நடத்திய ஊரிஸ் கலாசாலையில்தான் பின்னாளில் ராஷ்டிரபதியான ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படித்தார். மதம் மாற்றுகிறார்கள் என்ற கோபத்தில் நம்மவர் தனிப் பள்ளி வைத்தது சரிதான். ஆனால், கதவண்டை நின்ற நம் சொந்தப் பிள்ளையை நாமே உள்ளே விடாமல் இருந்தது எப்படிச் சரியாகும்?

இன்னொரு தடையும் இருந்தது. அதுதான் இங்கிலீஷ். கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் கலாசாலையில் இங்கிலீஷ் வியாசத்தில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு 1906-இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார். கணித ஆசிரியர் சிங்காரவேலு முதலியார் அவருடைய திறமையை அறிந்து, அவருடன் உட்கார்ந்து கடினமான கணக்குகளைப் போட்டுப் பார்ப்பாராம். ஆயினும் மற்றப் பாடங்களில் தேறாமல் ராமானுஜன் எப். ஏ. பரீட்சையில் தோற்றார். 1918-இல் லண்டன் ராயல் ஸொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. இங்கிலீஷில் தடுமாறும் பையனைத் தறிக்கு அனுப்பும் முன் பெற்றோரும், 'மக்கு' என்று சொல்லும் முன் உபாத்தியாயரும் இந்த வரலாற்றை நினைத்துக்கொள்வது நல்லது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை

காஞ்சிபுரத்துப் பள்ளியில் 1920-ஆம் வருஷங்களில் ஒரு பையன் படித்தான். நெசவாளர் குடும்பத்தில் 1909-ஆம் வருஷம் பிறந்தவன். வளர்த்தது ராஜாமணி அம்மாள் என்ற சிற்றன்னை. குடும்பக் கஷ்டத்தினால் படிப்பை இடையில் விட்டு, நகரசபை அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் போய் உட்கார்ந்தான். அங்கேயே இருந்திருந்தால் உலகம் அவன் பெயரை அறிந்திராது. மறுபடியும் படிப்புக்குத் திரும்பி, 1928-இல் சென்னையில் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தான். அங்கே பட்டம் பெற்ற பின்பு சிறிது காலம் பச்சையப்பன் பள்ளியிலேயே இங்கிலீஷ் உபாத்தியாயராகவும் இருந்தான்.

"யார் என்று தெரிகிறதா?" என்று கேட்டோம்.

நெசவாளர் பதில் சொல்வதற்குள், உள்ளேயிருந்து பையன், "அண்ணாதானே, ஸார்?" என்றான்.

ஆம், சி. என். அண்ணாதுரைதான். 1967-இல் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியானார். அதற்குத் தமிழ்நாடு என்ற பெயரைச் சூட்டச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பள்ளிகளில் தமிழும் இங்கிலீஷும் போதும் என்ற கொள்கையை 1968-இல் நிலைநாட்டினார். அவருடைய அரசியலை ஒப்புக்கொள்பவரும் உண்டு; மறுப்பவரும் உண்டு. நமக்கு வேண்டியது வேறு விஷயம். தமிழில் அடுக்கடுக்காகப் பேசி லட்சம் ஜனங்களைக் கட்டிப்போட்ட அந்த நாவுக்கு இங்கிலீஷும் அதே அளவு வசப்பட்டிருந்தது. ஒரு பாஷை வந்ததனால் மற்றொரு பாஷை போய்விடவில்லை. பச்சையப்பர் பள்ளியின் ஆதிகாலத் திட்டமும் இங்கிலீஷுடன் தாய்மொழியும் என்பதுதானே?

இன்று நம் ஊரில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறோம். தமிழில் படிப்பவன் தாழ்ந்தவன் என்றும், இங்கிலீஷ் மீடியத்தில் படிப்பவன் பிழைத்துக்கொள்வான் என்றும் எண்ணி, நெசவாளர்கள் முன்பணம் வாங்கிச் சம்பளம் கட்டுகிறார்கள். அப்படிப் படித்த பிள்ளைகளில் சிலருக்குத் தமிழும் சரியாக வராமல் இங்கிலீஷும் வாய்க்காமல் போவதை வகுப்பில் தினந்தோறும் காண்கிறோம். பாஷையைப் பாஷையாகக் கற்பிக்க நல்ல உபாத்தியாயர் வேண்டும். படிக்கிற பிள்ளைக்குப் பசியில்லாத வயிறும், தறியிலிருந்து சிறிது ஓய்வும் வேண்டும். இவை இருந்தால் தமிழில் கணக்குப் போடுகிற பையன் இங்கிலீஷையும் கற்றுக்கொள்வான்.

மிஞ்சிய பணம்

நேரம் ஆகிவிட்டது. எழுந்திருக்கும்போது நெசவாளர், "எல்லாம் சரி, ஐயா. பச்சையப்ப முதலியார் பணம் விட்டுப் போனார். என் கடனை யார் அடைப்பது?" என்று கேட்டார்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. சரித்திரம் சொன்னால் கடன் தீர்ந்துவிடுமா? ஸர்க்கார் பள்ளியில் சம்பளம் கிடையாது, புத்தகம் இலவசம். ஆனால் பையன் தறியில் உட்காராததனால் வீட்டுக்கு ஏற்படும் நஷ்டத்தை எந்தத் திட்டமும் ஈடு செய்வதில்லை. கடைசியில், பத்தாம் வகுப்புப் பரீட்சை வரையிலாவது பையனை நிறுத்துவதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். காலையில் இரண்டு மணி நேரம் தறி; பிறகு பள்ளி. சில நாள் முதல் மணி அடித்த பின்புதான் வருகிறான். விரல்களில் சாயத்தின் கறை இருக்கும். நாம் கேட்பதில்லை. மாலையில் அரைமணி நேரம் அவனுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறோம். அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

ஆனால் அவர் கேட்ட கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. ஆரணிப் பட்டினால் செல்வம் பெற்ற கனவான்கள் நம் ஊரில் பலர் இருக்கிறார்கள். கோவில் கும்பாபிஷேகத்துக்கும் அன்னதானத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும். பச்சையப்பர் தர்மத்திலும் முதலில் தெய்வ கைங்கரியந்தான். அதற்குப் பிறகு மிஞ்சியதுதான் பள்ளிக்குப் போயிற்று. அந்த மிச்சத்திலிருந்து உண்டான பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

நம் ஊரிலும் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு திருவிழாவிலும் ஏதோ கொஞ்சம் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை ஒன்று சேர்த்து, படிக்கிற பிள்ளையின் வீட்டுக்குத் தறி நின்ற நாட்களின் கூலியைக் கொடுக்க ஒரு நிதி ஏற்படுத்தினால் என்ன? ஜாதியும் மதமும் பாராமல் கொடுக்க வேண்டும். பச்சையப்பர் பள்ளியின் கதவு முழுவதும் திறப்பதற்கு நூற்றைந்து வருஷம் ஆயிற்று. நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்குப் பெரிய மண்டபமோ கிரேக்கத் தூண்களோ வேண்டாம். வரும் ஜூன் மாதத்து முதல் வாரத்தில் நாம் ஆஜர்ப் பட்டியலைப் படிக்கும்போது, கூப்பிட்ட பெயருக்கெல்லாம் பதில் வந்தால் போதும்.